விசாரிக்க வந்தவர்கள்

"தம்பி பெண்சாதியை உங்க வீட்டிலே எப்படிக் கூப்பிடுவீங்க?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் இப்படிக் கேட்டதும் முருகையன் உஷாரானார்.

அதுவரைக்கும் கேட்டதில் வில்லங்கம் ஒன்றும் இல்லை. ராகிக்கு இந்தப் பக்கம் என்ன பேர்? கேப்பை. நிலக்கடலைக்கு? மல்லாட்டை. சொல்லச் சொல்ல, கண்ணாடி போட்ட அந்த மனிதர் தடித்த நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டே வந்தார். பட்டணத்து யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சியாம். எந்தப் பொருளுக்கு எந்த ஊரில் என்ன பேர் என்று கேட்டு எழுதிவர மாதாமாதம் சம்பளம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். திண்டிவனத்தில் நாற்பத்தெட்டு வருஷமாகக் குடியிருந்து, மல்லாட்டை போட்டு, நாலு பேரிடம் பேசிப் பழகிய முருகையன் இதை நம்ப வேண்டுமாம்.

"எனக்குத் தம்பியே கிடையாதுங்களே," என்றார் முருகையன்.

"சரி, பொதுவா எப்படிச் சொல்வாங்க?"

"தம்பி இருக்கறவங்களாப் பாத்துக் கேட்டுக்கோங்க. ஆமா, நீங்க எங்க இருந்து வர்றீங்க?"

"நேத்து வரைக்கும் விழுப்புரத்திலே இருந்தேன்."

முருகையன் நினைத்தது சரியாய்ப் போயிற்று. விழுப்புரம்!

முருகையனுக்கு ஒரே பெண், ஜெயம். வயது பத்தொன்பது. முப்பத்தெட்டாம் வருஷத்தில் பத்தொன்பது வயதுப் பெண் வீட்டில் இருந்தால், பெற்றவர்களைவிடத் தெருவுக்குத்தான் கவலை அதிகம். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. முதல் இடத்துக்காரர்கள் மாடு வாங்குகிறவன் மாதிரி ஒருவனை அனுப்பினார்கள். அவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தான், ஒரு சொம்பு மோர் குடித்தான், முருகையனின் தம்பி சின்னதுரை கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவன் என்பதையும் தெரிந்துகொண்டு போய்ச் சேர்ந்தான். இரண்டாவது இடத்திலிருந்து வளையல்காரி வந்தாள். அவள் அரை மணியில் அதே சேதியோடு கிளம்பினாள். கூத்தாடிக் குடும்பத்தில் பெண் எடுக்கமாட்டோம் என்று இரண்டு வீட்டாரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவதாக வந்ததுதான் விழுப்புரம். விருத்தாசலம் என்று பேர் சொன்னால் அங்கே தெரியாதவர்கள் இல்லை. அவர் மகன் சீனுவாசனுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. சித்திரையில் வந்து பெண் பார்த்தார்கள். பையனைப் பிடித்திருக்கிறது என்று ஜெயமே தன் அம்மா பாஞ்சாலியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "போய்ச் சேதி அனுப்புறோம்" என்று கிளம்பிப்போனவர்கள் ஒரு மாதமாக மூச்சு விடவில்லை. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு அதோடு படுத்துவிடும்.

தரகர் பூமாலை வந்து இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு, "விசாரிச்சிக்கினு இருப்பாங்க, பொறுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே முருகையன் ஒரு முடிவுக்கு வந்தார். இனி எந்த அந்நியன் வாசலில் வந்து நின்று கேள்வி கேட்டாலும் அவன் விழுப்புரத்து ஆள். இந்தத் தடவை ஏமாறக்கூடாது.

இப்போது வந்திருப்பவர் விழுப்புரத்து ஆள்தானா என்று உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருந்தது. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். இலை போடச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று முருகையன் கையைப் பிடித்து இழுத்தார். அந்த மனிதர் கிளப்புக் கடையில் இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லிப் பிடிவாதமாக மறுத்துவிட்டார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அவர் தலை மறைந்ததும் வீட்டில் வேலை தொடங்கியது. சின்னதுரையை ஊருக்கு வெளியே கொல்லை நடுவே இருக்கும் மல்லாட்டைக் கொட்டகைக்குப் போகச் சொன்னார் முருகையன். சாப்பாட்டுக்குப் பின்பக்கமாக வந்துபோவது தவிர, சேதி வருகிற வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டும், பாட்டு பாடக்கூடாது. சின்னதுரை சாது. போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கிணற்றைத் தூர் வாரினார்கள். பண்ணையாள் மண்ணாங்கட்டி கிணற்றுக்குள் இறங்கி, கல்லிடுக்கில் இருந்த புல் பூண்டைக்கூட விடாமல் பிடுங்கிப்போட்டான்.

இரண்டாவது ஆள் நாலாம் நாள் வந்தார். கையில் வலை. தோள்பையில் கண்ணாடிப் புட்டிகள். அவரும் பட்டணத்து யுனிவர்சிட்டியாம். அவரும் ஆராய்ச்சியாம். கிணற்றைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு மிகவும் வருத்தமாக, "ஒரு தவளைகூட இல்லையே," என்றார்.

"தவளையா?"

"ஆமாம். விழுப்புரத்திலே ஒரே கிணத்திலே இருபத்தேழு பார்த்தேன்."

முருகையனுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கோடையில் வற்றாத கிணற்றில்தான் தவளை இருக்கும். தவளை இல்லாத கிணறு வற்றுகிற கிணறு. பெண் வீட்டில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று நேராகக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"நாளன்னிக்கு வாங்க. தவளைங்க வெளிய போயிருக்கும். வந்துடும்," என்றார்.

அந்த மனிதர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரைப் போகவிடாமல், சொற்களை எழுதிக்கொண்டு போன கண்ணாடிக்காரரைத் தெரியுமா என்று முருகையன் மெல்லத் தூண்டில் போட்டார். எல்லோரும் ஒரே சத்திரத்தில்தான் தங்கியிருக்கிறார்களாம். தவளைக்காரர் சிரித்தார். "ஜனங்க பேசறதை எழுதிக்கிட்டு வர்றதெல்லாம் ஒரு ஆராய்ச்சியாங்க? நீங்களே சொல்லுங்க."

ஒரே இடத்து ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்காமல் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறார்கள் பார் என்று முருகையன் பாஞ்சாலியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். இலை போட்டதற்குத் தவளைக்காரரும் உட்காரவில்லை. கையெல்லாம் மருந்து நாற்றம் என்று ஒரு சாக்கு.

மண்ணாங்கட்டி ஏரிக்குப் போனான். இருபத்தேழுக்குக் குறையக்கூடாது என்பது உத்தரவு. கோணி நிறையப் பிடித்து வந்து எண்ணி நாற்பது தவளைகளைக் கிணற்றில் விட்டான். அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. காலையில் இறைத்த தண்ணீரைப் பாஞ்சாலி முகர்ந்து பார்த்துவிட்டுக் குடத்தோடு முருகையன் காலடியில் கொட்டினாள்.

"இந்தத் தண்ணியில நான் ஒல வெக்க மாட்டேன். தெருக்கோடியில போயி மொண்டுக்கினு வர்றேன். கேக்கறவங்களுக்கு என்னா பதில் சொல்றது?"

"தூர் வார்றோம்னு சொல்லு."

"போன வாரந்தான் வாரிட்டமே."

"நல்லா வாரலன்னு சொல்லு."

சொன்னபடி தவளைக்காரர் வந்தார். நாற்பதையும் பார்த்ததும் வலையைக் கீழே போட்டுவிட்டார். ஏரியில் மட்டும் இருக்கிற ஜாதி கிணற்றில் எப்படி வந்தது, இதுவரை யாருமே கண்டதில்லையே என்று கிணற்றுக்குள் இறங்கியவர் பொழுது சாய்கிற வரைக்கும் ஏறவில்லை. மூன்று நாள் அதே கதை. கிணற்றில் ஒரு ஆள் குந்தியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஊரே எட்டிப் பார்த்தது. முருகையனுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பூமாலை வந்தார். விழுப்புரத்தில் இன்னும் வாயே திறக்கவில்லையாம்.

"ஏதோ பயந்துக்கினு இருக்கற மாதிரி இருக்காங்க," என்றார் தாழ்ந்த குரலில்.

பயப்படமாட்டார்களா? கூத்தாடிக் குடும்பம் என்று காதில் விழுந்திருக்கும். முருகையனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது ஆள் வந்தபோது முருகையன் எதற்கும் தயாராக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இதற்குத் தயாராக இல்லை. இந்த ஆள் பையிலிருந்து இரண்டு வளைந்த கால் வைத்த இரும்புக் கருவி ஒன்றை எடுத்து, முருகையனின் தலையை முன்னும் பின்னுமாகப் பிடித்து அளந்தார். பிறகு மூக்கு. பிறகு தாடை. மனிதர்களின் தலை எத்தனை விதம் என்று ஆராய்ச்சியாம்.

குடும்பத்தில் புத்தி பேதலித்தவர்கள் உண்டா என்றுதான் பார்க்கிறார்கள். முருகையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன்னால் முடிந்த அளவுக்குப் புத்திசாலியாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"தவளைக்காரரைத் தெரியுங்களா?" என்று நடுவில் கேட்டுப் பார்த்தார்.

"பாவம், நல்ல மனுஷர். தவளையிலே போய் வயசை வீணாக்குறார்," என்று சொல்லிக்கொண்டே மூக்கின் அகலத்தைக் குறித்துக்கொண்டார் அந்த ஆள். பிறகு, "உங்க தம்பியைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேர் தலையும் கிடைச்சா எனக்கு ரொம்ப ஒத்தாசை," என்றார்.

"யாரு சொன்னது தம்பின்னு?"

"தெருவிலே சொன்னாங்க. நல்ல உருண்டைத் தலைன்னாங்க."

தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் பாஞ்சாலிதான் யாரிடமாவது வாய் விட்டிருப்பாள். முதல் ஆளிடம் தம்பி கிடையாது என்று சொல்லியாகிவிட்டது. இப்போது உண்டு என்றால் புளுகன் என்று பேர் வரும். இல்லை என்றாலும் அதே பேர்தான்.

"இருந்தான்," என்றார் முருகையன். "செத்துட்டான்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வாசற்படியில் நின்ற ஜெயம் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்து வளர்த்தவன் சின்னதுரை. அன்று முழுக்க அவள் அப்பாவிடம் பேசவில்லை.

மறுநாளே நாலாவது ஆள் வந்தார். மெலிந்த உடம்பு, குழைவான பேச்சு, அக்குளில் நோட்டு. முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். அவர் ஒப்பாரி ஆராய்ச்சி செய்கிறாராம். புருஷனுக்குப் பாடும் ஒப்பாரி நூற்றுப் பத்து சேர்ந்துவிட்டது. அப்பனுக்கு அறுபது. ஆனால் கொழுந்தனாருக்கு அண்ணி பாடுகிற ஒப்பாரி மட்டும் எந்த ஊரிலும் அகப்படவில்லை. நேற்று சத்திரத்தில் தலை அளக்கிறவர் இந்த வீட்டுத் துக்கத்தைச் சொன்னாராம். அம்மா பெரிய மனசு பண்ணிப் பாட வேண்டும்.

பாஞ்சாலி முடியவே முடியாது என்று அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முருகையன் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினார். பாடாவிட்டால் தம்பி சாகவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் ஜெயம் காலத்துக்கும் வீட்டோடுதான்.

"கார்த்தால கேப்பக் கூழு ஊத்தி அனுப்பினேன் அந்தப் புள்ளைக்கு. அதுக்கு எப்பிடிங்க ஒப்பாரி வெப்பேன்?" என்றாள் பாஞ்சாலி.

கடைசியில் பெண்ணுக்காக வந்து உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் இரண்டு வரி முனகினாள். ஒப்பாரிக்காரர் பென்சிலை நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் மனசு விட்டுப் பாடலாமே என்றார். பாஞ்சாலி மறுபடி தொடங்கினாள். ராகம் எங்கேயோ போயிற்று.

இந்த நேரம் பார்த்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்பக்கமாக வந்து மாட்டுக்கொட்டிலில் காத்துக்கொண்டிருந்தான் சின்னதுரை. யாருக்காகப் பாடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அதைப் பற்றி அவனுக்கு அக்கறையும் இல்லை. அவன் காதில் விழுந்தது ராகத்தை அண்ணி கொலை செய்வது மட்டும்தான். பதினேழு வருஷம் பெண் வேஷம் கட்டியவனால் எத்தனை நேரம் பொறுக்க முடியும்? கொட்டிலுக்குள் இருந்தபடியே எடுத்தான் பாருங்கள், எட்டுக் கட்டையில் ஒரு பெண் குரல். தெருவில் போய்க்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டது.

ஒப்பாரிக்காரருக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. "உள்ளே யாரு அந்தம்மா?" என்றார்.

"அவன் பொஞ்சாதிதான்," என்றார் முருகையன். வேறு என்ன சொல்ல முடியும்?

அதற்குள் தெருப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். முன்னால் வந்த சின்னபொண்ணு பாஞ்சாலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். சவுரியம்மாள் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டாள். யாரோ மேளத்துக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. கூட்டத்தைக் கண்டால் சின்னதுரைக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? பாடிக்கொண்டே, துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, கொட்டிலிலிருந்து வெளியே வந்து நடுவாசலில் நின்றான்.

சின்னபொண்ணுதான் முதலில் அழுகையை நிறுத்தினாள். "சின்னதொரை இங்க நின்னுக்கினு கீறாரு. அப்ப நாம யாருக்கு அழுவுறோம்?" என்று கேட்டாள்.

ஒப்பாரிக்காரர், இறந்தவர் தாமே வந்து பாடுவதும் இந்தப் பக்கத்து வழக்கம் என்று நிதானமாக நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, மோர்கூட வாங்கிக் குடிக்காமல் கிளம்பினார்.

முருகையன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது. ராத்திரிக்குள் இந்தச் சேதி விழுப்புரம் போய்விடும். புளுகன், கூத்தாடி, உயிரோடு இருக்கிற தம்பிக்கு ஒப்பாரி வைத்தவன். இனி எந்த ஊரிலிருந்து யார் பெண் கேட்டு வருவார்கள்?

ஜெயம் வந்து எதிரில் நின்றாள். அழுதிருந்தாள். ஆனால் பேச்சில் நடுக்கம் இல்லை.

"அப்பா, பொய் சொன்னது போதும். நீங்களே போயி அவங்ககிட்ட உள்ளதச் சொல்லிட்டு வாங்க. எனக்கு அவரைப் புடிச்சித்தான் இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா சித்தப்பாவ செத்தவனாக்கித்தான் எனக்குக் கல்யாணம் நடக்கணும்னா அந்தக் கல்யாணமே வேணாம்."

மறுநாள் காலை வண்டியில் முருகையன் விழுப்புரம் போய் இறங்கினார். விருத்தாசலத்தின் வீட்டு வாசலை மிதித்ததுமே அவருக்குச் சந்தேகம் தட்டியது. விருத்தாசலம் தெருவுக்கே ஓடி வந்து குடையை வாங்கிக்கொண்டார். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். தான் உட்காராமல் நின்றார். அவர் சம்சாரம் செம்பில் தண்ணீரை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். சீனுவாசன் ஆபீசுக்குப் போகாமல் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு நிலைப்படியில் நின்றான். விருத்தாசலத்தின் தங்கை குப்பம்மாள் அடுக்களைக் கதவருகில் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்கள்தான் இவ்வளவு மரியாதை காட்டுவார்கள். சரி, அவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது என்று முருகையன் எழுந்து நின்றார்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். சாகல, நல்லாத்தான் இருக்கான். கூத்துல பொம்பள வேசம் கட்றான். பாட்டுல அவன மிஞ்ச இந்த ஜில்லாவுல ஆளில்ல. நான்தான் பயந்துக்கினு மொதல்ல இல்லன்னேன், அப்புறம் செத்துட்டான்னேன். தவளையும் நான் உட்டதுதான். இது எதுலயும் என் பொண்ணுக்குச் சம்பந்தமில்ல. அவ ஒரு பொய் சொன்னதில்ல. உங்க ஆளுங்க உங்ககிட்ட இன்னா சொல்லியிருந்தாலும் சரி, அவ மொகத்த மட்டும் பாத்து ஒரு முடிவு சொல்லுங்க."

விருத்தாசலம் சம்சாரத்தைப் பார்த்தார். சம்சாரம் மகனைப் பார்த்தாள்.

"எங்க ஆளுங்களா?" என்றார் விருத்தாசலம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நாங்க யாரையும் அனுப்பலீங்களே."

குப்பம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"ஆள் உட்டு விசாரிக்கறது பொண்ணு வூட்டுக்காரங்க வழக்கந்தாங்க, நாங்க தப்பு சொல்லல; ஆனா ஒருத்தர் மாத்தி ஒருத்தரா நாலு பேரை அனுப்பி எங்க பேச்ச எழுதிக்கினு போனீங்க, கெணத்துல தவளைய எண்ணினீங்க, எங்கண்ணன் தலைய அளந்தீங்க, கல்யாணம் பேசற வூட்ல என்னை ஒப்பாரியும் வெக்கச் சொன்னீங்க, எல்லாத்துக்கும் ஒத்துக்கினு உங்க சம்மதத்துக்காவ வாயப் பொத்திக்கினு குந்திக்கினு கீறோம், இன்னும் எத்தினி பேருதான் பாக்கி?"